பட்டாணிப் புகை

ஹார்லிங்கன் நகரசபைக்கு
ஒரு மூட்டைப் பட்டாணி கொண்டுபோனேன்.
பின்வாசல் பூட்டிக் கிடந்தது.
ஆகவேதான் அந்தப் பெரிய கூடம்,
ஆகவேதான் அந்தப் படம்.

எட்டு முழ நீளம். எங்கள் கப்பல்தான்.
கொடி மூன்று, இரண்டு வரிசைப் பீரங்கி,
தளபதியின் தொப்பியில் ஓர் இறகு,
அதுகூடத் தெரிகிறது.
மற்றபடி எல்லாம் புகை.

வரைந்தவனை எனக்குத் தெரியும். லீவன்.
பதினோரு வாரம் என் சமையற்கட்டு ஓரம்
கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்திருந்தான்,
கப்பலில் நெருப்பு இருந்தது
அங்கு மட்டும்தான் என்பதால்.
விரல் விறைத்தால் கோடு கோணும் என்பான்.
தூரிகை நுனியை நாக்கில் நனைத்து நனைத்து
பல்லெல்லாம் பழுப்பு.

"சண்டையை வரையத்தானே வந்தாய்?" என்றேன்.
"அது அரைநாள் வேலை, ஹெஸ்ஸல்.
மிச்ச நாளுக்கு நான் என்ன செய்ய?"

எதையும் விடமாட்டான்.
மூத்திரத் தொட்டியில் சட்டை அலசும் சிப்ரனை
(வெளுக்கும்; நாறும்; பழகிவிடும்),
ரொட்டியைத் தட்டித் தட்டிப்
புழு உதிர்க்கும் பையனை,
கோழிக்கூண்டின்மேல் சீட்டாடித் தோற்று
ஒற்றைக் காலுறையோடு எழுந்த ஃபோல்கர்ட்டை,
ஞாயிற்றுக்கிழமை ஒரே கத்தியில்
நாற்பது தாடைகள் மழிபடுவதை,
இரவில் எல்லோரும்
உலரப்போட்ட மீன்போலத் தொங்குவதை.
என்னையும்தான். பட்டாணி கிண்டும்போது
நாக்கைத் துருத்துவேனாம்.
அவன் தாளைப் பார்க்கும்வரை
எனக்கே தெரியாது.

சிப்ரனுக்கு இடக்கையில் மூன்றே விரல்.
"ஐந்தாகப் போடு, அம்மா பார்ப்பாள்" என்றான்.
லீவன் போட்டான்.
அதன்பின் கயிறு இழுக்கச் சொன்னாலெல்லாம்
சிப்ரன் அந்தத் தாளை நீட்டி,
"நல்ல கை இங்கே இருக்கிறது,
இதைக் கூப்பிடுங்கள்" என்பான்.

ஃபோல்கர்ட் முகம் வேண்டாமென்றான்.
இரண்டு ஊரில் இரண்டு மனைவி.
முதுகை வரைந்தான் லீவன்.
முதுகையும் அடையாளம் தெரியுமென்று
ஒரு துண்டுப் பாலாடைக்கட்டி கொடுத்து
அதையும் கிழிக்க வைத்தான்.

அத்தனை தாள்களும் எங்கே போயின?
கண்ணைச் சுருக்கித் தேடினேன்.
தொட்டி இல்லை. கூண்டு இல்லை.
உப்பிலேயே கிடந்த நாங்கள்
உப்புக்குச் சப்பாணியாகக்கூட இல்லை.
சிப்ரன் நின்ற இடத்தில்
வெள்ளையாக ஒரு புகைத்திரள்.
நிஜத்திலும் அப்படித்தான்:
புகை வந்தது, கலைந்தது, அவன் இல்லை.
அதை மட்டும் சரியாக வரைந்திருக்கிறான், பாவி.

காவலாள் செருமினான்.
"மூட்டை சிந்துகிறது."

குனிந்து பொறுக்கினேன்.
குனிந்த வாக்கில் தலையைத் தூக்கியபோதுதான்
கண்ணில் பட்டது:
முன்தளத்தில், பாய்மரத்துக்கு இந்தப் பக்கம்,
பட்டாணி அகலம்கூட இல்லாத ஒரு குழாய்.
அதிலிருந்து நீலமாக, ஒல்லியாக,
பீரங்கிப் புகையோடு ஒட்டாமல்
ஒரு கோடு.

என் அடுப்பு.

போர்முரசு கொட்டியதும்
முதலில் அணைப்பது அடுப்பைத்தான்.
வெடிமருந்து சுமக்கும் கப்பல், விடுவார்களா?
அன்று நான் வாளித் தண்ணீரை ஊற்றியபோது
குளிர்காய நீட்டிய கையை
மடக்காமல் பக்கத்தில் இருந்தவன் லீவன்.
சாம்பல் அவன் மடியில் தெறித்தது.
தெரிந்தேதான் பொய் வரைந்திருக்கிறான்.

தளபதி கண்டுபிடிக்கமாட்டார்.
அடுப்பு எந்தப் பக்கம் என்பதே
அவருக்குத் தெரியாது.

காவலாளிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை.
மூட்டையை இறக்கி, பேரேட்டில்
பெயருக்குப் பதில் பெருக்கல்குறி போட்டுக்
காசு வாங்கி எண்ணினேன்.
ஒன்று குறைந்தது. சிந்தியதற்காம்.

படியிறங்கிப் பாதித் தெரு போனபின்தான்
தெரிந்தது,
நாக்கு வெளியே இருந்தது.